ஈயம் ஒட்டாத குறுவை

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறக்காவிட்டால் பிளேஸ்டேஷனில் ஈயம் ஒட்டாது. எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 2003-ஆம் வருஷம் கண்டியூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில், கையில் 25 வாட் சால்ட்ரிங் அயர்னோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பையன் சிரிக்கமாட்டான்.

பிளேஸ்டேஷன் சிங்கப்பூரிலிருந்து வந்தது. டெல்டாவில் அப்போது பாதி வீட்டு அலமாரிச் சாமான் அங்கிருந்து வந்ததுதான். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா லீவுக்கு வரும்போது கோடாலித் தைலம், முஸ்தபாவில் எடுத்த சட்டைத் துணி, பாட்டிக்கு டார்ச் லைட் என்று பெட்டி நிறையக் கட்டி வருவார். அந்த முறை சிம் லிம் ஸ்கொயரில் மலிவாகக் கிடைத்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்றும் வந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் முதலில் வெளிவந்த அந்தப் பழைய வகை. கூடவே ஒரே ஒரு சிடி. அதில் எல்லாமே ஜப்பானிய எழுத்து. யாரைக் காப்பாற்ற யாரை அடிக்கிறோம் என்றே தெரியாமல் ஒரு மாதம் ஆடினோம்.

சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்த சிடிகள் எதையும் அது ஏற்கவில்லை. சோனி அதில் செய்திருந்த வேலை அழகானது. சிடியின் உள்விளிம்பில் தகவல் பதியும் சுருள் தடத்தையே லேசாக நெளியவிட்டு, அந்த நெளிவில் நான்கு எழுத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். ஜப்பானுக்கும் ஆசியாவுக்கும் எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவைப் பதிய முடியாது. பெட்டி தேடும் எழுத்து சிடியில் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. இதற்கு மாற்றாக வந்ததுதான் மோடு சிப். எட்டுக் கால் கொண்ட சின்ன ஐசி. பெரும்பாலும் பிஐசி12சி508 என்ற வகை. மூன்று எழுத்துக் கோவைகளையும் மாற்றி மாற்றி ஓதிக்கொண்டே இருக்கும், பெட்டியும் நம்பிவிடும். இது நியாயமா என்று அந்த வயதில் எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து சிப் வந்துவிட்டது. அதன் கால்களிலிருந்து மெல்லிய ஒயர்களை இழுத்து மெயின் போர்டில் குறிப்பிட்ட புள்ளிகளில் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பற்றவைக்கத் தெரியாதவன் அல்ல நான். பாலிடெக்னிக் விடுமுறைகளில் தஞ்சாவூர் தெற்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். வரும் டிவிகளில் பாதிக்கு அவர் சொல்லும் நோய் ஒன்றே: டிரை சால்டர். பற்றவைத்த இடத்தில் காலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வளையமாய் ஒரு விரிசல் இருக்கும். டிவியின் தலையில் தட்டினால் படம் வருவது இதனால்தான். விரிசல் ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க இப்படிப்பட்ட கால்களைத் தேடித் தேடி உருக்கிப் புது லெட் வைப்பதே என் வேலை. (ஈயக் கம்பியை லெட் என்றுதான் சொல்வோம், ரோல் ரோலாக வரும்.) கடையில் நான் வைத்த ஈயம் பளபளவென்று, காலைச் சுற்றிச் சரிவாக, பட்டுப் போல் பரவி நிற்கும். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டால் பாராட்டு என்று அர்த்தம்.

ஆனால் பிளேஸ்டேஷனைக் கடைக்குக் கொண்டுவர அவர் ஒப்பவில்லை. "கடை நேரத்துல கஸ்டமர் வேலை மட்டுந்தான் தம்பி. வெளையாட்டு சாமானெல்லாம் வீட்டுல வச்சுக்க." கடையில் பயன்படுத்தும் அதே சோல்ட்ரான் அயர்ன், அதே ரோலிலிருந்து ஒரு முழ லெட், ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பேஸ்ட் கொஞ்சம் எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் ஒட்டவில்லை.

லெட் உருகியது. அதுதான் ஆளைக் குழப்பியது. அயர்ன் முனையில் கம்பியை வைத்தால் உருகிச் சொட்டாகத் தொங்கும். அந்தச் சொட்டைப் போர்டில் கொண்டுபோய் வைத்தால் செம்பைக் கவ்வாமல் முத்தாக உருண்டு ஓடும். சில சமயம் ஒட்டிய மாதிரி நிற்கும். ஒயரை நகத்தால் சுண்டினால் முத்தோடு பெயர்ந்து வரும். நிறமும் சாம்பல், மங்கல். மறுநாள் காலையில் கடைக்குப் போய் அதே அயர்னை அதே கையால் பிடித்தால் தேனாகப் பரவுகிறது.

அண்ணனிடம் சொன்னேன். வாத்தியார்கள் மாதிரி அடிப்படையிலிருந்து தொடங்கினார். "முதல்ல பிட்டைக் காட்டு." அயர்னின் முனைதான் பிட். அது கறுத்துக் கிடந்தது. சூட்டில் காற்றுப்பட்டால் முனையில் ஆக்சைடு படியும். அது சூட்டை உள்ளேயே தடுத்துவிடும், ஈயத்தையும் சேர்க்காது. எல்லாரும் செய்வது போல் நான் அரத்தை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பழைய காலத்துச் செம்புப் பிட்டுக்கு அரம் சரி. இப்போது வருவதில் செம்புக்கு மேல் இரும்பு முலாம் இருக்கிறது. அதை ராவினால் உள்ளே இருக்கும் செம்பை ஈயத்திலுள்ள வெள்ளீயம் கரைத்துத் தின்றுவிடும், முனை குழி விழுந்து போகும். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்தார். நவச்சாரம்.

அது கீழவாசல் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. சூடான பிட்டை அதில் தேய்த்தால் குபீரென்று வெள்ளைப் புகை எழும், மூக்கு எரியும், தேய்த்த இடம் வெள்ளியாகப் பளிச்சிடும். எனக்கு அந்த வாசனை புதிதில்லை. சின்ன வயதில் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச வருபவர் தெருவில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரி மூட்டுவாரே, அங்கே வந்த வாசனை. காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைப்பார். அடுத்த நொடி ஈயத்துண்டைத் தொட்டு இழுத்தால் பாத்திரத்தின் உட்புறம் முழுக்க நிலா வெளிச்சம் போல் பரவும். அம்மா அந்தப் பாத்திரத்தில் மட்டுந்தான் புளி ரசம் வைப்பாள். சூட்டில் நவச்சாரம் பிரிந்து அமோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆகிறது, அமிலம்தான் ஆக்சைடைத் தின்கிறது என்று பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லித்தரவில்லை. ஈயம் பூசுகிறவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எப்போது பஞ்சைப் போட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

"ஆனா இதைப் போர்டுல வைக்கக்கூடாது, பிட்டுக்கு மட்டுந்தான்" என்றார் அண்ணன். மிச்சம் தங்கினால் செம்பை அரித்துப் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். ரேடியேட்டர் பற்றவைக்கிற ஆசிட்டும் அப்படித்தான். எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு ரோசின் ஒன்றுதான் உகந்தது. குளிர்ந்தபின் சும்மா கிடக்கும், சூடு பட்டால் மட்டும் அமிலமாக வேலை செய்யும்.

பிட் சுத்தமானது. வீட்டில் ஒட்டவில்லை.

அடுத்து அண்ணன் கொடுத்த ரோசின் பேஸ்ட்மீது சந்தேகம். டப்பாவில் இருந்தது பழுப்பு நிறமாக, தூசி கலந்து, பிசுபிசுவென்று கிடந்தது. நல்ல ரோசின் எங்கே கிடைக்கும்? எதிர்வீட்டு அக்கா திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வயலின் படித்துக்கொண்டிருந்தார். வயலின் வில்லில் தேய்க்கிற பொன்னிறக் கட்டியும் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி எடுத்த அதே ரோசின்தான்.

"அக்கா, வில்லுக்குப் போடுற கட்டி கொஞ்சம் உடைஞ்சது கிடைக்குமா?"

"எதுக்குடா?"

"வீடியோ கேமுக்கு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, பெட்டி மூலையிலிருந்து கீழே விழுந்து நொறுங்கிய பழைய கட்டி ஒன்றைக் கொடுத்தார். தூளாக்கி ஸ்பிரிட்டில் கரைத்தேன். கோந்து பாட்டிலில் தேன் மாதிரி நின்றது. அதைவிட நல்ல ஃபிளக்ஸை அதற்குப் பிறகும் நான் அதிகம் பார்த்ததில்லை. சூடு பட்டதும் கோயில் வாசனை வேறு. போர்டில் புள்ளிகளின் மேலிருந்த பச்சைப் பூச்சையும் பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு ரோஜா நிறத்தில் தெரியும்வரை தேய்த்துவிட்டேன். அந்தப் பச்சைப் பூச்சு ஈயம் ஒட்டக்கூடாது என்பதற்காகவே கம்பெனியில் போடுவது. அதன்மேல் வைத்துவிட்டு ஒட்டவில்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள்.

இதற்குப் பிறகு கொஞ்சம் கவ்வியது. கொஞ்சம்தான். சாயங்காலம் வைத்தால் ஒட்டாத இடத்தில், ஒருநாள் தூக்கம் வராமல் நடுராத்திரி எழுந்து வைத்தபோது சட்டென்று ஒட்டியது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. அதற்கு முந்தின 2002-இலும் இதே கதைதான். வழக்கமாக ஜூன் 12-இல் திறந்தால் கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்துவிடும். அந்த முறை தஞ்சாவூரிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு என்று எந்தப் பாலத்தில் ஏறினாலும் கீழே மணல்தான், மணலில் கிரிக்கெட்தான். ஆற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் போர் தண்ணீர். ஊரில் மோட்டார் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நாற்றங்காலையாவது காப்பாற்றலாம் என்று ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு யாரும் தயங்கவில்லை. மூணு பேஸ் வராத நேரத்திலும் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் இழுப்பார்கள். எங்கள் அப்பாவும்தான். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்டு போகும் லைனில் இத்தனை மோட்டாரும் உறிஞ்சினால் வீட்டுக்கு வந்து சேர்வது வடிநீர்தான். குண்டு பல்பு மஞ்சளாக மினுங்கும், ஃபேன் இறக்கையை எண்ணலாம். டவுனில் காயில் சுற்றுகிற ரீவைண்டிங் கடைகளில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையில் நிற்கும். இதையெல்லாம் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அயர்னும் அதே லைனில்தான் சொருகியிருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மஞ்சள் நிற மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். 170. தெற்கு வீதிக் கடையில் 230.

சூடேறும் கம்பிக்கு வோல்ட்டேஜ் கால்வாசி குறைந்தால் சூடும் கால்வாசிதான் குறையும் என்று தோன்றும். அப்படி இல்லை. வாட் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 170-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் பாதியை ஒட்டி வரும். என் 25 வாட் அயர்ன் வீட்டில் 14 வாட் அயர்ன். அறுபதுக்கு நாற்பது லெட் 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190-க்குள் முழுக்க உருகிவிடும். அந்த மெல்லிய கம்பியை உருக்க 14 வாட் போதும். போர்டிலிருக்கும் செம்பையும் அதே சூட்டுக்குக் கொண்டுவரப் போதாது. ஈயம் உருகினால் மட்டும் ஒட்டாது, தொடுகிற செம்பும் அந்தச் சூட்டுக்கு வர வேண்டும். குளிர்ந்த செம்பின்மேல் விழுந்த ஈயம் முத்தாக உருளாமல் வேறென்ன செய்யும்?

அப்பாவிடம் போய் நின்றேன். "அப்பா, கண்டென்சர ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்களேன்."

"நாத்து காயுதுடா. உன் வெளையாட்டுப் பெட்டி காயாது."

பதில் சொல்ல முடியவில்லை. அவர் போட்டிருந்தது ஏடிடி 43, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகம், நூற்றுப் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் இந்த மோட்டார் எரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. மோட்டார் நின்றாலும் பக்கத்து வயல்காரர்கள் நிறுத்தப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

மிச்சமிருந்தது டிவி ஸ்டெபிலைசர். கலர் டிவி வாங்கிய எல்லா வீட்டிலும் டிவிக்குக் கீழே ஒரு வி-கார்டு உட்கார்ந்திருந்த காலம் அது. கொச்சியில் 1977-இல் ஆரம்பித்த அந்தக் கம்பெனி வளர்ந்ததில் நம் மின்வாரியத்துக்கும் பங்கு உண்டு என்று லைன்மேன்களே கேலி செய்வார்கள். 170 உள்ளே போனால் டக்கென்று ரிலே விழுந்து 200-க்குக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுக்கும். அயர்ன் இருபது வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் அம்மா மெட்டி ஒலி சீரியல் பார்த்து முடிக்கும்வரை அதைத் தொட முடியாது. முடிந்த கையோடு டிவி ஒயரைப் பிடுங்கி அயர்னைச் சொருகினேன். பிட்டை நவச்சாரத்தில் ஒரு இழுப்பு, புள்ளிமேல் ஒரு சொட்டு வயலின் தண்ணீர், ஒயர் முனையில் முன்கூட்டியே பூசிய ஈயம். தொட்டதும் பரவியது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா ஒயரும் உட்கார்ந்தன.

கிரவுண்டைத் தவிர. கிரவுண்ட் என்பது போர்டில் ஒரு சின்னக் கோடு இல்லை. போர்டு முழுக்க விரிந்து கிடக்கும் செம்புத் தகடு. மேலே மூடியிருக்கும் இரும்புக் கவசத்தோடும் சேர்ந்திருக்கும். அங்கே அயர்னை வைத்தால், வெடித்துக் கிடக்கும் கடைமடை வயலில் ஒற்றை போர் தண்ணீரை விட்ட கதை. விட்டதெல்லாம் பரவி உள்ளே போய்விடும், வைத்த இடத்தில் ஏறவே ஏறாது. பிடிவாதமாக ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் செம்பு போர்டைவிட்டு உரிந்துகொண்டு வரும், அப்புறம் அழுதாலும் திரும்பாது. அதற்கு ஒரு வழிதான். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தபோது அண்ணனே மனமிரங்கிப் பின்கதவைத் திறந்தார். பருத்த முனையுள்ள 60 வாட் அயர்னை எடுத்து, இரண்டு விநாடி வைத்தார், எடுத்தார். அவ்வளவுதான். சூடு குறைந்த அயர்னை நிறைய நேரம் வைப்பதைவிட சூடு நிறைந்த அயர்னைக் கொஞ்ச நேரம் வைப்பது போர்டுக்கு நல்லது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, கையால் காட்டினார்.

அதன் பிறகு ஈயமே மாறிப்போனது. அதற்கு முன்பே, 2001 கடைசியில், நெதர்லாந்தில் பிளேஸ்டேஷன் ஒயர்களில் காட்மியம் அளவு மீறி இருப்பதாகச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைச் சுங்கத்தில் நிறுத்தினார்கள். ஐரோப்பா முழுக்க இந்த மாதிரி நச்சுப் பொருள்களின்மேல் கண் விழுந்திருந்த காலம். 2006 ஜூலை 1 முதல் அங்கே விற்கிற எலக்ட்ரானிக்ஸ் சாமான்களில் காரீயம் கூடாது என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. உலகம் முழுக்கப் போர்டுகளில் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த ஈயம் வந்துவிட்டது. அது உருக 217 டிகிரி வேண்டும். பார்க்க மங்கலாகவே இருக்கும், நல்ல ஜாயின்ட்டும் டிரை சால்டர் மாதிரியே தெரியும். என்னைப் போலப் பளபளப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கண்ணைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. புதுப் பெட்டிகளில் ஒட்டவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பழைய லெட்டைக் கொஞ்சம் கலந்து உருக்குங்கள், கலவை இளகிக் கொடுக்கும், பிறகு உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கடைத்தெருவில் அறுபது நாற்பது என்று லேபிள் ஒட்டி விற்கிற மட்ட ரக ரோல்களையும் நம்பாதீர்கள். வெள்ளீயம் குறைந்தால் கம்பி கஞ்சி மாதிரி பாதி உருகிப் பாதி உறைந்து நிற்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அப்போது நான் தஞ்சாவூரில் சொந்தமாகச் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை எல்லாம் படுத்துவிட்டது. மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல் சாய்ந்தன. அடுத்த வாரத்திலிருந்து கடையில் நனைந்த சாமான்களாக வந்து குவிந்தன. பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் பாலிதீன் பையில் மெலிந்த வகை பிளேஸ்டேஷன் 2 ஒன்றைக் கொண்டுவந்தான். தென்னை விழுந்து ஓடு உடைந்து மழை முழுக்க அதன்மேல் இறங்கியிருந்தது. திறந்தால் பவர் சாக்கெட் கால்களில் பச்சைக் களிம்பு. இங்கே வோல்ட்டேஜுக்கும் வாட்டுக்கும் வேலையே இல்லை. சூட்டை ஏற்ற ஏற்ற களிம்பு கறுத்ததே தவிர ஈயம் அண்டவில்லை. ஐசோபுரொப்பைல் ஊற்றிப் பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, கண்ணாடி நார்ப் பேனாவால் ஒவ்வொரு காலையும் சுரண்டிச் செம்பைக் கண்ட பிறகுதான் பிடித்தது. ஒரு கால் செம்போடு கழன்றே வந்துவிட்டது. பக்கத்துப் புள்ளியிலிருந்து மெல்லிய ஒயர் இழுத்துப் பாலம் போட்டேன்.

பையனுக்கு இதில் எதிலும் அக்கறை இல்லை.

"அண்ணே, மெமரி கார்டு போயிருக்குமா?"

கார்டின் தகரக் காதுகளை ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பார்த்தேன். ஈஏ கிரிக்கெட் 07. பாதி ஆடிய தொடர் அப்படியே இருந்தது. கூலியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளாமல் நின்றான்.

"எங்க ஊருல இன்னும் கரண்ட் வரலண்ணே. கம்பம் நட ஆளுக வெளியூர்லேருந்து வர்றாங்களாம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை கடை டிவியில் ஆடினான். மறுநாள் அவன் தம்பியையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டான். கஸ்டமர் டிவி எதையும் அன்றைக்கு என்னால் டெஸ்ட் பண்ண முடியவில்லை.